300 மீற்றருக்கு அப்பால்: ஊவா மலையும் கிளார்க் கோமாளி மீனும்

(பதுளையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மலை நகரமான பதுளையில் நின்று ஒரு கடல் மீனைப் பற்றிப் பேச வருகிறவன் முதலில் அதற்கு நியாயம் சொல்லியாக வேண்டும். இலங்கையின் 9 மாகாணங்களில் 4க்குக் கடற்கரை இல்லை. ஊவா அவற்றில் ஒன்று. நமக்கு மீன் என்றால் ஐஸ் போட்டு லொறியில் வருவது. அல்லது கருவாடாகத் தோட்டத்துக் கடையில் தொங்குவது. ஆயினும் இதே நகரிலுள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் நீரியல் வளத் தொழினுட்பம் ஒரு பட்டப் படிப்பாக நடக்கிறது. கரையில்லாத மாகாணத்தில் கடற்கல்வியா என்று கேட்கத் தோன்றும். அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது என்பதே என் வாதம்.

வாதத்தைச் சுருக்கமாக முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் கரையோர வலயத்துக்கு எல்லை வகுத்திருக்கிறது. சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலத்தின் பக்கமாக 300 மீற்றர். சராசரி தாழ்நீர்க் கோட்டிலிருந்து கடலின் பக்கமாக 2 கிலோமீற்றர். முருகைக்கற்பாறையில் வாழும் ஒரு சின்ன மீனின் வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்தால் அந்த 300 மீற்றர் போதாது என்று தெரியவரும். அதன் நல்லது கெட்டது நமுனுகுலைச் சரிவு வரைக்கும் நீள்கிறது. முதலில் மீன், பிறகு ஆறு, பிறகு மண், கடைசியில் சட்டம் என்ற ஒழுங்கில் பேசுகிறேன்.

1. பெயரும் படமும்

தொலைக்காட்சியில் பிள்ளைகள் பார்த்துப் பழகிய ஆரஞ்சு நிறக் கோமாளி மீன் நம் கடலுக்குரியது அல்ல. 2003இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’ படத்துக்கு மாதிரியான இனம் அந்தமான் கடலிலிருந்து கிழக்கே பரவியிருப்பது. அதன் உறவினர்கள் நம் தீவைச் சூழ்ந்த நீரில் இருக்கிறார்கள். வயிற்றுப்புறத் துடுப்புகள் கறுத்த ஓர் இனம் மாலைதீவிலும் இலங்கையிலும் காணப்படுவது. செபே என்று பெயர்பெற்ற இன்னோர் இனம் இந்து சமுத்திரத்தின் வடபகுதிக்குரியது. மூன்றாவது, இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் கிளார்க் மீன். அறிவியல் பெயர் அம்பிபிரியோன் கிளார்க்கி.

இந்த மூன்றாவது மீனுக்கு அறிவியலில் முதன்முதலாகப் பெயர் கிடைத்ததே இலங்கைக் கடலிலிருந்துதான். பெயர் வைத்தவர் ஜோன் விட்சர்ச் பெனட் என்ற ஆங்கிலேய சிவில் சேவை அதிகாரி. இலங்கைக் கரையின் குறிப்பிடத்தக்க மீன்கள் பற்றி அவர் வெளியிட்ட நூல் 1830இல் லண்டனில் முழுமை பெற்றது. அதில் 30 வண்ணப் படங்கள். தீவின் தென்பகுதியில் உயிருள்ள மாதிரிகளைப் பார்த்து வரைந்தவை என்பதை நூலின் தலைப்பிலேயே அவர் சொல்லியிருந்தார். அது வெறும் பெருமைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. முருகைக்கல் மீன் செத்த சிறிது நேரத்துக்குள் நிறம் மங்கிவிடும். சாராயத்தில் போட்டு ஐரோப்பாவுக்கு அனுப்பிய மாதிரிகள் எல்லாம் ஒரே வெளிறிய பழுப்பாகத்தான் போய்ச் சேர்ந்தன. வலையிலிருந்து எடுத்த மீனை உடனே உட்கார்ந்து வரைந்தவருக்குத்தான் நிறம் கிடைத்தது. அந்த மீனைக் கொண்டுவந்து கொடுத்த கரையோர மீனவர் எவருடைய பெயரும் அறிவியல் பெயராகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

பெனட் பணியாற்றிய இடங்களில் அம்பாந்தோட்டையும் ஒன்று. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஊவாவில் பிறக்கும் கிரிந்தி ஓயாவும் மாணிக்க கங்கையும் கடலைச் சேர்வது அந்த மாவட்டத்தின் கரையில்தான்.

மீனின் தோற்றத்துக்கு வருவோம். வளர்ந்தால் 15 சென்ரிமீற்றர் வரை இருக்கும். கரும்பழுப்பு உடல், மஞ்சள் முகம், மஞ்சள் மார்பு, அவற்றின் குறுக்கே நீலம் கலந்த 3 வெண்பட்டைகள். ஆனால் இந்த வருணனையை வைத்துக்கொண்டு எல்லாக் கிளார்க் மீனையும் அடையாளம் கண்டுவிட முடியாது. பாரசீகக் குடாவிலிருந்து யப்பான் வரை, வேறெந்தக் கோமாளி மீனும் பரவாத அளவுக்கு அகன்ற பரப்பில் வாழ்கிறது. ஓரிடத்தில் ஏறக்குறைய முழுக் கறுப்பு, இன்னோரிடத்தில் முழு ஆரஞ்சு என்று நிறம் மாறும். வெண்பட்டைகள் எங்கிருந்து வருகின்றன என்பதும் தெரிந்திருக்கிறது. அவை வெள்ளைச் சாயம் பூசியவை அல்ல; ஒளியைத் தெறிக்கச் செய்யும் நுண்படிகங்கள் நிறைந்த கலங்களால் ஆனவை. குஞ்சு தன் மிதக்கும் பருவத்தை முடித்துப் பாறையில் குடியேறும் வேளையில், தைரொயிட் ஓமோனின் தூண்டுதலால் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன.

2. கொட்டும் கைகளுக்கு நடுவே

கோமாளி மீனை அதன் கடலனிமோனிலிருந்து பிரித்துப் பேச முடியாது. அனிமோன் பூப்போலத் தெரியும் ஒரு விலங்கு. அதன் கை ஒவ்வொன்றிலும் எண்ணற்ற கொட்டும் கலங்கள் உண்டு. பிற சிறு மீன் உரசினால் அவை வெடித்து நஞ்சு தோய்ந்த நூல்களைப் பாய்ச்சும். உலகில் 1000க்கு மேற்பட்ட அனிமோன் இனங்கள் இருக்க, கோமாளி மீன்களுக்கு இடங்கொடுப்பவை 10 அளவே. கோமாளிகளில் பல, அந்த 10இலும் ஒன்றிரண்டை மட்டும் நம்பியிருப்பவை. கிளார்க் மீன் பத்திலும் குடியிருக்கக்கூடியது. அதன் பரந்த பரவலுக்கு இந்தப் பொறுக்கியெடுக்காத குணம் ஒரு முக்கிய காரணம்.

கொட்டுப்படாமல் இருப்பது எப்படி? விடை மீனின் மேற்றோலைப் போர்த்திய சளியில் இருக்கிறது. கொட்டும் கலங்களைத் தூண்டுவனவற்றுள் சயாலிக் அமிலம் என்ற சர்க்கரைச் சேர்மம் ஒன்று. பிற மீன்களின் சளியில் அது தாராளமாக உண்டு. கோமாளி மீனின் சளியில் மிகக் குறைவு. தொட்டவர் யார் என்றே அனிமோனுக்குத் தெரிவதில்லை.

குடியிருப்பவர் வாடகையும் கொடுக்கிறார். அனிமோனின் கைகளைக் கொத்தித் தின்ன வரும் வண்ணத்துப்பூச்சி மீன்களைக் கோமாளி விரட்டியடிக்கிறது. அதன் கழிவிலிருந்து வரும் அமோனியா, அனிமோனின் திசுக்களில் வாழும் நுண்பாசிக்கு உரமாகிறது. அந்தப் பாசி சூரிய ஒளியில் உணவு சமைத்து அனிமோனுக்குப் பங்கு கொடுக்கிறது. ஒளி குறைந்தால் பாசி பட்டினி. பாசி பட்டினி என்றால் அனிமோன் பட்டினி. அதன் பின் மீனும் தங்காது. நீர் தெளிவாக இருப்பது ஏன் உயிர்ப் பிரச்சினை என்பதற்கு இந்தச் சங்கிலி ஒன்றே போதும்.

ஓர் அனிமோனில் பொதுவாக ஒரு சோடியும் சில சிறிய மீன்களும் இருக்கும். எல்லாவற்றிலும் பெரியது பெண். அடுத்தது அதன் இணையான ஆண். மற்றவை உடலளவில் படிப்படியாக இறங்கி நிற்கும், இனம்பெருக்கா. பெண் இறந்துபோனால் ஆண் பெண்ணாக மாறுகிறது. வரிசையில் மூன்றாவதாக நின்றது இணையான ஆணாக முதிர்கிறது. கோமாளி மீன்களில் இந்த மாற்றத்தை ஆதிக்க ஒழுங்கோடு தொடர்புபடுத்தி விளக்கிய ஆய்வு 1977இல் வந்தது. பப்புவா நியூகினியில் நடந்து 2003இல் வெளியான இன்னோர் ஆய்வு அதைவிட வியப்பானது. கீழ்ப்படியில் உள்ள மீன், தனக்கு மேலே உள்ளதன் அளவை எட்டாதபடி தன் வளர்ச்சியைத் தானே அடக்கிக்கொள்கிறது. எட்டினால் சண்டை, சண்டையில் தோற்றால் அனிமோனை விட்டு வெளியேற்றம், வெளியே போனால் சாவு.

இதைக் கேட்டதும் உங்களில் பலருக்குத் தோட்டத்து வரிசை வீட்டு அறையான லயத்துக் காம்பரா ஞாபகம் வந்திருக்கும். சொந்தமில்லாத இடம், நெருக்கம், வரிசை, வெளியே போனால் போக்கிடம் இல்லை என்ற பயம். ஒப்புமை கண்முன் நிற்கிறது; நான் அதை இழுத்துக்கொண்டு போகப் போவதில்லை. மீனின் வரிசைக்குக் காரணம் பரிணாமம். காம்பராவுக்குக் காரணம் மனிதர் எடுத்த முடிவுகள். வேறு முடிவெடுத்தால் மாறக்கூடியவை. இயற்கையைச் சாட்சிக்கு அழைத்து மனித அநீதிக்கு நியாயம் தேடும் வழக்கத்தை இந்த மேடையில் நான் தொடங்கிவைக்க விரும்பவில்லை. கடலோடு நமக்குள்ள உறவு உவமையில் இல்லை; ஆற்றில் இருக்கிறது.

3. குஞ்சு போகும் வழி

அனிமோனுக்குப் பக்கத்துப் பாறையைச் சுத்தம் செய்து, சோடி அங்கே முட்டையிடும். ஒரு தடவைக்குச் சில நூறு முதல் ஆயிரத்துக்கு மேல். காவல் பெரும்பாலும் ஆணின் பொறுப்பு. துடுப்பால் நீரை விசிறிக் காற்றூட்டும், கெட்டுப்போன முட்டையை வாயால் பொறுக்கி நீக்கும். ஏறத்தாழ ஒரு கிழமையில், பொழுது சாய்ந்த பின் முட்டைகள் பொரிக்கும். இரை தேடும் கண்கள் இருட்டில் மங்கும் வேளை அது.

பொரித்த குஞ்சு பெற்றோரோடு தங்குவதில்லை. நீரோட்டத்தில் மிதந்து, 8 முதல் 12 நாள் வரை திறந்த கடலில் வளர்கிறது. மீனின் முழு வாழ்க்கையில் அது வீட்டை விட்டுத் தூரம் போகும் காலம் இதுவே; குடியேறிய பின் ஓரிரு அனிமோன்களுக்கு அப்பால் அது போவது அரிது. எங்கே போகின்றன, திரும்புகின்றனவா என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 2007இல் பப்புவா நியூகினியின் கிம்பே தீவில் ஆய்வாளர்கள் ஒரு நல்ல தந்திரம் செய்தார்கள். தாய் மீன்களுக்கு அரிதான ஒரு பேரியம் சமதானியை ஊசிமூலம் செலுத்தினார்கள். அது முட்டை வழியாகக் குஞ்சின் காதுக்கல்லில் அடையாளமாகப் பதிந்துவிடும். பின்னர் அந்தப் பாறையில் குடியேறிய இளம் கோமாளி மீன்களைப் பிடித்துப் பார்த்தபோது ஏறத்தாழ 60 வீதமானவை அதே பாறையில் பிறந்தவை. மணல் துணிக்கை அளவேயான குஞ்சுகள் அலையில் அள்ளுண்டு போய், பிறந்த ஊருக்கே திரும்பியிருந்தன.

எதை வைத்துத் திரும்பின? மணம் முக்கியமானது என்பதற்குச் சான்றுகள் உண்டு. அனிமோனின் மணத்தை இளம் மீன்கள் நாடுகின்றன. 2008இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போய், தீவுக் காட்டு மரங்களின் இலை ஊறிய நீரின் மணத்தையும் கோமாளிக் குஞ்சுகள் நாடுவதாகச் சொன்னது. கொழுந்து பறிக்கும் ஊரில் நின்று பேசுகிறவனுக்கு இதைவிட இனிப்பான செய்தி கிடையாது. இலை மணம் தேடிக் கரைக்கு வரும் மீன்! ஆனால் அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவரின் பிற்காலக் கட்டுரை ஒன்று, தரவு பற்றிய கேள்விகளால், 2022இல் வெளியிட்ட இதழாலேயே திரும்பப் பெறப்பட்டது. ஆகவே நான் அந்த இலையின்மேல் என் பாரத்தை ஏற்றப் போவதில்லை. மாணவர்களுக்கு ஒரு சொல்: நமக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பைத்தான் நாம் இரண்டு தடவை சோதிக்க வேண்டும்.

பாரத்தைத் தாங்கக்கூடிய ஆய்வு வேறொன்று இருக்கிறது. 2014இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் கோமாளிக் குஞ்சுகளைக் கலங்கிய நீரில் வளர்த்தார்கள். தெளிந்த நீரில் 11 நாள் அளவில் முடிய வேண்டிய மிதக்கும் பருவம், மண் கலங்கிய நீரில் சில குஞ்சுகளுக்கு 22 நாள் வரை நீண்டது. திறந்த கடலில் ஒவ்வொரு நாளும் குஞ்சுகளில் ஒரு பங்கு இரையாகிக்கொண்டே இருக்கும். அந்த நாள்கள் இரட்டித்தால் தப்பிப்பவை எத்தனை என்பதைக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. அதோடு, ஊரைத் தாண்டி அள்ளுண்டு போகும் வாய்ப்பும் கூடுகிறது. மீனைத் தொடாமலே, முருகைக்கல்லை உடைக்காமலே, வெறும் சேற்றால் ஒரு தலைமுறையைக் குறைத்துவிடலாம்.

அந்தச் சேறு எங்கிருந்து வருகிறது?

4. நம் தண்ணீர் போகும் திசைகள்

ஊவா மலைகளில் விழும் மழை ஒரே கடலுக்குப் போவதில்லை. பதுளை நகரின் நீர் பதுளை ஓயாவில் சேர்ந்து, துன்ஹிந்தவில் 64 மீற்றர் குதித்து, மகாவலியில் கலந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக்குடாவில் கடலாகிறது. வெலிமடைப் பக்கத்து உமா ஓயாவும் மகாவலிக்கே போவது. நமுனுகுலைத் தொடரில் ஊறும் மாணிக்க கங்கை கதிர்காமத்தில் நம்மைக் குளிப்பாட்டிவிட்டு யால காட்டினூடாகத் தென்கிழக்குக் கடலை அடைகிறது. பண்டாரவளைப் பக்கம் தொடங்கும் கிரிந்தி ஓயா லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம் வழியாகக் கிரிந்தையில் முடிகிறது. லுணுகலைப் பக்கத்து மலைகளின் கும்புக்கன் ஓயா குமணவில். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவர்கள் இந்த ஆறுகளைக் காலால் கடந்திருக்கிறார்கள்.

கிரிந்தைக்கு வெளியே கடலில் பெரிய பாஸ், சிறிய பாஸ் என்ற பாறைத் தொடர்கள் உண்டு. கப்பல்கள் மோதிச் சிதறிய இடம் என்பதால் பிரித்தானியர் 1873இலும் 1878இலும் அங்கே வெளிச்சவீடுகள் எழுப்பினார்கள். ஆண்டில் சில கிழமைகள் மட்டுமே சுழியோடி இறங்க இடம்தரும் கடல் அது. கிழக்கே, திருகோணமலைக்கு வடக்கில், நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு. 2003இலிருந்து தேசிய பூங்கா. இந்த இரண்டு கரைக்கும் நம் மாகாணமும் தண்ணீர் வார்க்கிறது.

காற்றும் நம்மையும் கரையோரத்தாரையும் ஒரே நாட்காட்டியில் கட்டியிருக்கிறது. யூலை முதல் செப்தெம்பர் வரை மத்திய மலையைத் தாண்டி மழையிழந்து வரும் கச்சான் காற்று ஊவாத் தேயிலையை வாட்டும். அந்த வாட்டத்தில்தான் உலகச் சந்தையில் பெயர்பெற்ற ஊவா மணம் கொழுந்தில் ஏறுகிறது. அதே மாதங்களில் மேற்கு, தெற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும், கிழக்கில் அமைதி. ஆகவே அலங்கார மீன் பிடிக்கும் சுழியோடிகள் அப்போது கிழக்குக்குப் போவார்கள். நவெம்பருக்குப் பின் தெற்குக்கும் மேற்குக்கும் திரும்புவார்கள். றொட்னி ஜொன்க்லாஸ் போன்ற முன்னோடிச் சுழியோடிகளின் காலத்திலிருந்து இலங்கை இந்த ஏற்றுமதியில் இருக்கிறது. கோமாளி மீன்கள் அந்தப் பட்டியலில் எப்போதும் இருப்பவை. முருகைக்கல்லின்மேல் கவிழ்த்து, கல்லை உடைத்து மீனை வெளியே விரட்டும் மொக்சி வலை தடைசெய்யப்பட்டிருக்கிறது. கோமாளியைப் பொறுத்தவரை ஓர் ஆறுதலும் உண்டு: தொட்டியில் இனம்பெருக்கக்கூடிய சில கடல் அலங்கார மீன்களில் அது ஒன்று. தமிழ்நாட்டில் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இதில் வெற்றி கண்டிருக்கிறது. பிடிப்பதால் வரும் நட்டத்தை வளர்த்து ஈடுசெய்யலாம். வாழிடம் கெட்டால் வளர்த்து விடுவதற்கு இடமே இராது.

வாழிடத்தைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று வெப்பம். 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார் ரீஃபிலும் ஆழம் குறைந்த இடத்து முருகைக்கற்கள் வெளுத்துப் பெரும்பகுதி செத்தன. திருகோணமலைப் பகுதி அந்த முறை தப்பியது. அனிமோனும் அதே நுண்பாசியை நம்பியிருப்பதால் அதுவும் வெளுக்கும். 2016இல் பிரெஞ்சு பொலினீசியாவின் மூரேயாத் தீவில், வெளுத்த அனிமோனில் இருந்த கோமாளி மீன்களின் இரத்தத்தில் அழுத்த ஓமோன் கூடியதையும் முட்டைகள் 73 வீதம் குறைந்ததையும் ஆய்வாளர்கள் அளந்தார்கள். இந்த வெப்பத்தை மடுல்சீமையோ பசறையோ தனியாகக் குறைத்துவிட முடியாது. இரண்டாவது, ஆற்று மண். தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவில் பணியாற்றிய அர்ஜன் ராஜசூரிய உட்பட இலங்கையின் முருகைக்கல் ஆய்வாளர்கள் சேதத்தின் காரணங்களை அடுக்கும்போது வண்டல் படிவைத் தவறாமல் சேர்க்கிறார்கள். கலங்கிய நீர் ஒளியை மறைக்கும். படிந்த சேறு, புதிய முருகைக்கல் முளைக்க வேண்டிய பாறையை மூடும். வெப்பத்தில் அடிபட்ட பாறை மீண்டெழத் தெளிந்த நீர் வேண்டும். அந்தத் தெளிவில் நமக்குக் கை உண்டு.

5. கவ்வாத்து மலையில் ஒரு மழை

இந்தச் சரிவுகளின் மண் பலமுறை உரிக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகக் காடு வெட்டினார்கள். 1869இல் கோப்பி இலைத்துரு நோய் இலங்கையில் முதலில் கண்டறியப்பட்டது மடுல்சீமைப் பகுதியில்தான். கோப்பி விழுந்தது, சிங்கோனா வந்தது, பிறகு தேயிலை. துரைமார் தங்கள் மலையில் ஒரு புல்லும் இல்லாதிருப்பதைக் கௌரவமாக எண்ணிய காலம் அது. சுரண்டியால் வழித்துத் துப்புரவாக்கிய நிலத்தில் மழை விழுந்தால் என்ன ஆகும் என்பதைப் புல்லு வெட்டிய எந்தத் தாயும் சொல்லுவார். மேல்மண் இளகி, அடுத்த மழைக்கு ஓடைக்குள் இறங்கிவிடும்.

தேயிலை நிலத்தைக் காக்கத் தெரியாத பயிர் அல்ல. நன்றாக மூடி வளர்ந்த மலையில் மழைத்துளி இலையில் உடைந்து மெதுவாகத்தான் தரை சேரும். ஆபத்து இடைவெளிகளில் இருக்கிறது: செத்த செடிக்கு மாற்று நடாத வெற்றிடம், பழைய விதைத் தேயிலையின் ஐதான நிரை, கவ்வாத்து முடிந்த மலை, மறுநடுகைக்குப் பிடுங்கிய மலை. சில ஆண்டுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டும்போது மலை மொட்டையாகிறது. வெட்டிய கிளைகளான மிலாறை அங்கேயே பரப்பிவிட்டால் மண்ணுக்குப் போர்வை; விறகுக்கு அள்ளிக்கொண்டு போனால் மண் வெயிலுக்கும் மழைக்கும். விறகைத் தவிர வேறு அடுப்பெரி இல்லாத குடும்பத்திடம் மிலாறை எடுக்காதே என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. மறுநடுகைக்கு முன் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை குவாத்தமாலா புல்லோ மானாப்புல்லோ வளர்த்து மண்ணைத் தேற்ற வேண்டும் என்பது தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் நெடுநாள் அறிவுரை. சமவுயரக் கோட்டில் கான் (வடிகால்) வெட்டி, கானில் நிறையும் மண்ணை வாரி மேலே போட வேண்டும் என்பதும் பழைய பாடமே.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. அதன் பிறகு ஆள் பற்றாக்குறை கூடியது. நாள் சம்பளக் கணக்கில் கொழுந்துக் கிலோவுக்குத் தனி இடம் உண்டு, வாரிய மண்ணுக்கு இல்லை. வரவு காட்டாத வேலைதான் முதலில் நிறுத்தப்படும். கான் வெட்டு அப்படிப்பட்ட வேலை. தோட்டத்துக்கு வெளியே, வெலிமடையிலும் ஊவா பரணகமையிலும், செங்குத்துச் சரிவுகளில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் ஆண்டுக்குப் பல போகம் கொத்தப்படுகின்றன. அங்கிருந்து உமா ஓயா இறக்கிய மண்ணால் 1990இல் கட்டிமுடிந்த ரன்தெம்பே நீர்த்தேக்கம் வேகமாகத் தூர்ந்துவருகிறது.

மண் பெருமளவில் நகரும்போது என்ன நடக்கும் என்று ஊவாவில் விளக்கத் தேவையில்லை. 2014 ஒக்ரோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்தச் சரிவு கிரிந்தி ஓயாவின் நீரேந்து பகுதி. மண் அங்கே நின்றிருந்தால் மனிதர் வாழ்ந்திருப்பார்கள். மீனைப் பற்றிய கவலை அதற்குப் பின்னால்தான் வரும். ஆனால் இரண்டு கவலைக்கும் மருந்து ஒன்றே: சரிவில் மண்ணைப் பிடித்து வைப்பது.

இங்கே ஒரு நேர்மையான மறுப்பையும் எதிர்கொள்ள வேண்டும். மலையிலிருந்து இறங்கும் மண்ணெல்லாம் கடலுக்குப் போவதில்லை. ரன்தெம்பேயும் லுணுகம்வெஹெரவும் பருமனான மணலைத் தடுத்து வைத்துக்கொள்கின்றன. உண்மை. ஆனால் நுண்ணிய களி வெள்ள நாளில் மதகைத் தாண்டிவிடும். மீனின் செவுளை அடைப்பதும் குஞ்சின் கண்ணை மறைப்பதும் அந்த நுண்களிதான். தூர்ந்துபோகும் தேக்கம் ஆண்டுக்காண்டு குறைவாகத் தடுக்கும். மேலும் ஆறுகள் தம் பழைய பாதையிலேயே இருப்பதில்லை. 2024 ஏப்ரலில் திறக்கப்பட்ட உமா ஓயா பல்நோக்குத் திட்டம், புஹுல்பொலவிலும் டயரபாவிலும் மறித்த நீரை மலையைக் குடைந்த சுரங்கத்தால் கிரிந்தி ஓயாப் பக்கம் திருப்பி, 120 மெகாவொட் மின்சாரம் எடுக்கிறது. சுரங்கம் தோண்டும்போது பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகள் வெடித்தன. வெலிமடை நீர் இப்போது திருகோணமலைக்கு மட்டும் உரியதன்று, அம்பாந்தோட்டைக்கும் உரியது. பெனட் தன் மீனை வரைந்த தென்கரைக்கு நாம் ஒரு புதிய ஆற்றையே அனுப்பியிருக்கிறோம்.

6. சந்திக்காத இரண்டு சட்டங்கள்

1947இன் பெருவெள்ளத்துக்குப் பின் வந்தது 1951ஆம் ஆண்டின் மண் பாதுகாப்புச் சட்டம். 30 ஆண்டு கழித்து வந்தது கரையோரப் பாதுகாப்புச் சட்டம். முன்னது விவசாயத் திணைக்களத்தின் கையில். பின்னது கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் கையில். 1988இல் கரையோரச் சட்டத்தைத் திருத்தி, சுண்ணாம்புச் சூளைக்காக முருகைக்கல் தோண்டுவதைத் தடுத்தார்கள், நல்ல காரியம். ஆற்றுமுகத்திலும் களப்பிலும் மட்டும் வலயம் 2 கிலோமீற்றர் வரை உள்ளே போகலாம் என்றும் சட்டம் ஒப்புக்கொள்கிறது. அதாவது ஆறு வழியாகக் கடலுக்குக் கேடு வரும் என்று சட்டத்துக்குத் தெரியும். எவ்வளவு தூரத்திலிருந்து வரும் என்பதில்தான் அது தடுமாறுகிறது. மாணிக்க கங்கையின் நீளம் 100 கிலோமீற்றருக்கு மேல்.

என் வேண்டுகோள் மூன்று. முதலாவது, கரையோர முகாமைத் திட்டம் தயாரிக்கும் மேசையில் ஊவா மாகாணத்துக்கும் இடம் வேண்டும். நீரேந்து பகுதியைச் சேர்க்காத கரையோரத் திட்டத்தைப் பாதித் திட்டம் என்று நாம் துணிந்து சொல்ல வேண்டும். இரண்டாவது, கான் வெட்டுவதும் புல் நடுவதும் கொழுந்து பறிப்பதைப் போலவே கூலிக் கணக்கில் மதிப்புப் பெற வேண்டும். தெற்கிலும் கிழக்கிலும் உள்ள சுற்றுலாக் கரைகள் நம் தெளிந்த நீரால் பயனடைகின்றன. அந்தப் பயனில் ஒரு பங்கு மண்ணைத் தாங்கிப் பிடிக்கும் கைகளுக்குத் திரும்பி வருவதே முறை. மூன்றாவது, இங்குள்ள மாணவர்களுக்கு. நீரின் கலங்கலை அளக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. அடியில் கறுப்பு வெள்ளைக் குறியிட்ட ஒரு தெளிவான குழாயில் ஆற்றுநீரை ஊற்றி, குறி எந்த உயரத்தில் மறைகிறது என்று பார்த்தால் போதும். பசறையிலும் எல்லவிலும் கொஸ்லந்தையிலும் உள்ள பாடசாலைகள் மழைக்கு முன்னும் பின்னும் இதை எழுதிவைத்து, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களிடம் கொடுக்கட்டும். எந்த மலையில் கவ்வாத்து நடந்தது, எங்கே மிலாறு பரப்பப்பட்டது, எங்கே பரப்பப்படவில்லை என்பது உங்கள் வீட்டிலுள்ள பெரியவர்களுக்குத் தெரியும். இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் எந்த அமைச்சும் அலட்சியம் செய்ய முடியாத சான்று அது.

150 ஆண்டுக்கு மேலாக இந்த மலைகளில் நம்மவரை உழைப்பாளர் என்று மட்டுமே எண்ணியிருக்கிறார்கள். மண்ணை அறிந்தவர்கள் என்று எண்ணிக் கலந்து பேசியதில்லை. கடல் மீனைக் காக்கும் வேலையில் அந்தக் கலந்துரையாடல் தொடங்குமானால் அது மீனுக்கும் நல்லது, நமக்கும் நல்லது. அடுத்த கரையோரத் திட்டத்தின் வரைபு பொதுமக்கள் கருத்துக்கு வரும்போது, ஊவாவிலிருந்து தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய கடிதங்கள் அங்கே இருக்க வேண்டும். முதல் கடிதத்தை இந்த அவையே எழுதட்டும் என்று கேட்டு அமைகிறேன்.